மூன்றாவது ரவுண்டில் கால் ஏன் கனக்கிறது: மூச்சுத் தசைக்குச் சூடேற்றுவதும் இளைப்பாற்றுவதும்

"மாஸ்டர், மூச்சு இருக்கு. கால்தான் வரல." மூன்றாவது ரவுண்டு முடிந்து மூலைக்கு வரும் குத்துச்சண்டைப் பையன்கள் அடிக்கடி சொல்வது இது. மல்யுத்த விரிப்பிலும் ஜூடோ பயிற்சியிலும் வடுவூர்ப் பக்கத்துக் கபடித் திடல்களிலும் இதே பேச்சை வேறு சொற்களில் கேட்கலாம். கேட்ட பயிற்சியாளர் அடுத்த வாரமே காலுக்கு வேலையைக் கூட்டுவார்: கொள்ளிடம் மணலில் ஓட்டம், தோப்புக்கரணம், கயிறு தாண்டல். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலைக் கனக்க வைத்ததில் விலாவுக்குக் கீழே இருக்கும் ஒரு தசைக்கும் பங்கு உண்டு. அதற்கு யாரும் சூடேற்றுவதும் இல்லை, ஓய்வு கொடுப்பதும் இல்லை.

நுரையீரல் தானாக விரிவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை கவிழ்த்தாற்போல் இருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கையில் மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பகுதியை அது ஒன்றே பார்த்துக்கொள்ளும். வேலை கூடக்கூட விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள், கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள், மார்புத் தசைகள் எல்லாம் துணைக்கு வரும். மூச்சை விடுவதற்கு ஓய்வில் தசையே தேவையில்லை, விரிந்த ரப்பர் சுருங்குவது போல நுரையீரல் தானே சுருங்கும். சண்டையின் நடுவே அப்படி விட்டால் நேரம் போதாது. அப்போது வயிற்றுத் தசைகள் இறுகிக் காற்றை வெளியே தள்ளும்.

அளவைப் பார்த்தால் வேலையின் கனம் புரியும். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போய் வருகிறது. கடுமையான ரவுண்டில் அது 100 லிட்டரைத் தாண்டும், நன்கு பழகிய பெரிய உடலில் 150 லிட்டரையும் தொடும். இவ்வளவு காற்றை அசைக்கும் தசைகளுக்கும் ரத்தம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். முழு முயற்சியில் உடல் நுகரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை மூச்சுத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன. உச்சப் பயிற்சி பெற்றவர்களிடம் இது 15 விழுக்காடு வரை போகும்.

இதயம் தள்ளும் ரத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. குறுவைக்குத் தண்ணீர் குறைவாக வரும் வருடத்தில் தலைமடைக்காரர் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை வயல் காய்வது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடம்புக்குள் நடப்பதும் அதுவே. உதரவிதானம் சோர்ந்து அதில் கழிவுகள் சேரும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பதிலுக்குக் கை கால்களின் ரத்தக்குழாய்கள் குறுகுகின்றன. உயிருக்கு மூச்சு முக்கியம் என்பதால் கடைமடையான காலுக்குப் பங்கு குறைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் குழு 1990-களில் சைக்கிள் வீரர்களைக் கொண்டு இதை அளந்தது. மூச்சிழுப்பதற்குத் தடை வைத்தபோது காலுக்குப் போன ரத்தம் குறைந்தது. இயந்திர உதவியால் மூச்சின் சுமையைக் குறைத்தபோது காலுக்குப் போன ரத்தம் கூடியது. பையன் சொன்ன "கால்தான் வரல" என்பதற்கு உடலியல் விளக்கம் இதில் இருக்கிறது.

சண்டை விளையாட்டில் இந்தச் சுமை ஓட்டத்தைவிடச் சிக்கலானது. ஓடுகிறவரின் உதரவிதானத்துக்குப் பெரும்பாலும் மூச்சுதான் வேலை. மல்லரின் உதரவிதானம் மூச்சும் இழுக்க வேண்டும், எதிராளியைத் தூக்கும்போது உடம்பின் நடுப்பகுதியைக் கல் போல இறுக்கியும் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாக நடக்காது. பிடி இறுகும் ஐந்தாறு வினாடி மூச்சு நிற்கும், தம் கட்டுவார். விட்டதும் இரட்டிப்பாக இழுக்க வேண்டியிருக்கும். மேலே ஒருவர் படுத்து அழுத்தினால் ஒவ்வொரு மூச்சிலும் அவர் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். டேக்வாண்டோவில் மார்புக் கவசம் விலாவைச் சுற்றி இறுகுகிறது. குத்துச்சண்டையில் வாய்க்காப்பு காற்று போகும் வழியைக் குறுக்குகிறது.

கபடி இன்னும் கடினம். பாடிப் போகிறவர் கோட்டைத் தாண்டும் முன் இழுத்த ஒரே மூச்சில், அதிகபட்சம் 30 வினாடி, "கபடி கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டே ஓடி, உதைத்து, பிடிபட்டால் இழுத்துக்கொண்டும் வர வேண்டும். மூச்சு மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும், ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். திரும்பி வந்ததும் மூச்சுத் தசைக்குக் கிடைக்கும் இடைவேளை அடுத்தவர் பாடிவரும் நேரம்தான். அதிலும் திரும்பி வந்தவர் எதிரணிக்காரரைப் பிடிக்கப் போயாக வேண்டும். பாடிப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கிளம்பும்போது மூச்சைத் தொண்டை வரை நிரப்புவது. விளிம்பு வரை நிரப்பினால் விரிந்த நெஞ்சு சுருங்கத் துடிக்கும், அதைப் பிடித்து வைப்பதற்கே தசை செலவாகும், தோளும் கழுத்தும் விறைக்கும். கொஞ்சம் குறைத்து நிரப்பி, சத்தத்தைச் சின்னதாக வைத்துச் சொன்னால் காற்று கூடுதல் நேரம் வரும்.

மூச்சுத் தசைக்குத் தனியாகச் சூடேற்றுவது எதற்கு? மைதானத்தைச் சுற்றி ஓடினால் அதுவும் சேர்ந்து சூடாகிவிடாதா? இந்தக் கேள்வியைத்தான் ஸ்டெஃபனோஸ் வோலியானிடிசும் ஆலிசன் மெக்கானெலும் சக ஆய்வாளர்களும் துடுப்புப் படகு வீரர்களிடம் சோதித்தார்கள். வழக்கமான உடல் சூடேற்றல் மூச்சிழுக்கும் வலிமையைக் கூட்டவில்லை. தடை வைத்து மூச்சிழுக்கும் தனிப் பயிற்சி கூட்டியது. 2001-ல் வெளியான அவர்களது ஆய்வில், வழக்கமான சூடேற்றலோடு இதையும் சேர்த்துச் செய்தவர்கள் 6 நிமிட முழுவேகத் துடுப்பில் மேலும் சிறப்பாகச் செய்தார்கள், மூச்சுத் திணறல் உணர்வும் குறைந்தது. அதன் பின் வந்த ஆய்வுகளில் பேட்மிண்டன், இடைவெளி ஓட்டம் போன்ற நின்று நின்று செய்யும் வேலைகளில் நல்ல முடிவுகள் உண்டு. சைக்கிள் பந்தய நேரத்தில் மாற்றமே இல்லை என்ற முடிவும் உண்டு. ஆகவே இதை மந்திரம் போலச் சொல்லக் கூடாது. முதல் ரவுண்டின் ஆரம்பத்தில் வரும் அந்தத் திடீர் இளைப்பு குறைகிறது என்பது ஓரளவு நம்பத்தக்கது. வெற்றி தோல்வியை மாற்றுமா என்பது வேறு பல விஷயங்களைப் பொறுத்தது. ஐந்து நிமிடச் செலவுக்கு இந்தப் பலன் போதும் என்பது எங்கள் கணிப்பு.

அந்த ஆய்வுகளில் பயன்பட்ட அளவு எளிது: ஒருவரால் இழுக்க முடிந்த அதிகபட்ச அழுத்தத்தில் 40 விழுக்காடு சுமை, 30 மூச்சு, சிறு ஓய்வு, மீண்டும் 30 மூச்சு. இழுவிசையைச் சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் அளப்பார்கள். நிமிர்த்திப் பிடித்த குழாயில் தண்ணீரை 40 செ.மீ. உயரத்துக்கு இழுத்து நிறுத்தும் விசைதான் 40 செ.மீ. நீர் அழுத்தம். ஆரோக்கியமான இளைஞரால் பெரும்பாலும் 100 செ.மீ. அல்லது அதற்கு மேல் இழுக்க முடியும், பெண்களுக்குச் சற்றுக் குறையும். 40 விழுக்காடு என்றால் நடைமுறையில் 40 முதல் 50 செ.மீ. வரும்.

கையடக்கமான மூச்சுப் பயிற்சிக் கருவியில் சுருள்வில் தடை இருக்கும், திருகினால் சுமை கூடும். அதிகபட்ச அழுத்தத்தை அளக்கும் மீட்டர் எல்லாரிடமும் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. போட்டி இல்லாத நாளில், 30-வது மூச்சுக்கு மேல் முழுதாக இழுக்க முடியாமல் தடுமாறும் சுமையைக் கண்டுபிடியுங்கள். அது ஏறத்தாழ 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கை வைத்தால் சூடேற்றலுக்கான சுமை கிடைத்துவிடும். முடித்தபின் "இன்னும் ஒரு சுற்று செய்யலாம்" என்று தோன்ற வேண்டும். நெஞ்சு களைத்துப்போனால் சுமை அதிகம்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 10 நிமிடம் ஓட்டம், கயிறு, மூட்டுகளைச் சுழற்றல் என வழக்கமான சூடேற்றல். வியர்வை அரும்பியதும் மூச்சுத் தசை. நிமிர்ந்து நிற்கலாம் அல்லது பெஞ்சில் நிமிர்ந்து உட்காரலாம். மூக்கில் கிளிப், உதடு கருவியைச் சுற்றி இறுக்கமாக. காற்றை மெதுவாக, முடிந்தவரை முழுவதும் வெளியே விடுங்கள். பிறகு ஒரே மூச்சாக வேகமாகவும் ஆழமாகவும் இழுங்கள். இழுக்கும்போது கீழ் விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் கழுத்துத் தசைதான் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன்பின் தளர்வாக மூன்று நான்கு வினாடியில் வெளியே விடுங்கள். 30 மூச்சு முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். சீக்கிரம் முடிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஒரு நிமிடம் நடை, மறுபடி 30. பிறகு பேடில் குத்து, கிரிப் பிடித்துப் பழகல், வேகமான ஓரிரு ரெய்டு என விளையாட்டுக்கே உரிய சூடேற்றல். இவை எல்லாம் முடிந்து ஐந்து பத்து நிமிடத்தில் களத்தில் இருந்தால் நல்லது.

நம் ஊர்ப் போட்டிகளில் இந்தக் கணக்கு எளிதில் தவறும். தை மாதக் கபடிப் போட்டியில் இரவு எட்டு மணி என்று சொன்ன ஆட்டம் பதினொன்றுக்குத் தொடங்கும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆட்டத்தை எண்ணுங்கள். உங்களுக்கு முன் இரண்டு ஆட்டம் இருக்கும்போது தொடங்குங்கள். முடித்தபின் அரை மணிக்கு மேல் தாமதமானால் முழுதாக மீண்டும் செய்ய வேண்டாம், 10 முதல் 15 மூச்சு போதும்.

நடுவில் தலை சுற்றினால், விரல் நுனியோ உதடோ மரத்தால் நிறுத்துங்கள். வேகமாக மூச்சு விட்டதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிட்டது. ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சுவிட்டால் சரியாகும். இதே காரணத்தால்தான் களத்தில் இறங்கும் சற்று முன்பு கபாலபாதி என்ற யோக மூச்சுப் பயிற்சியை வேகமாக நூறு இருநூறு என்று செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காலையில் தனியாகச் செய்யட்டும். மணி அடிக்கும் முன் தலையை லேசாக்கிக்கொண்டு போவது குத்துச்சண்டைக்கு நல்லதல்ல.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? குப்புறப் படுத்து, கைகளை மடித்து நெற்றிக்கு அடியில் வைத்து, வயிறு தரையைத் தள்ளும்படி 15 மூச்சு. பிறகு மல்லாந்து படுத்து மேல்வயிற்றில் இரண்டு மூன்று கிலோ மணல் பையோ, மெடிசின் பால் எனும் எடைப் பந்தோ வைத்து அதைத் தூக்கி இறக்கி 15 மூச்சு. பிறகு நின்றபடி ஒரு மூக்குத் துவாரத்தை மூடி மறு துவாரத்தால் வேகமாக 15 மூச்சு. தடையை அளக்க முடியாது என்பதால் ஆய்வுகளில் கண்ட பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தசை விழித்துக்கொள்ளும், கீழ் விலாவால் மூச்சிழுக்கும் பழக்கமும் வரும். பலூன் ஊதுவது இதற்கு மாற்று ஆகாது. நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, ஊதும் தம்மின் பெருமை தெரியாத மண் அல்ல இது. என்றாலும் ஊதுவது மூச்சை வெளிவிடும் தசையின் வேலை. சண்டையில் அதிகச் சுமை விழுவது இழுக்கும் தசையின் மேல்.

கடையில் "உயர நிலப் பயிற்சி" என்று விற்கும் முகமூடிகளையும் சொல்லிவிட வேண்டும். காற்றில் ஆக்சிஜன் குறைவதால் மலையில் உடல் மாறுகிறது. முகமூடி ஆக்சிஜனைக் குறைப்பதில்லை, காற்று போகும் வழியை அடைக்கிறது, அவ்வளவே. சித்திரை வெயிலில் அதை மாட்டி ஓட வைப்பது வெப்பத் தாக்குதலுக்கு வழி. ஈரத்துண்டை வாயில் கட்டிக்கொண்டு ஓடுவதும் அப்படித்தான்.

தண்ணீருக்குள் தம் கட்டும் பயிற்சி இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வாய்க்காலும் படித்துறையும் வீட்டுக்கு அருகிலேயே இருப்பதால் டெல்டாப் பிள்ளைகள் முங்கிப் பழகுவது வழக்கம். வேகமாக இருபது முப்பது மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் கூடுதல் நேரம் இருக்க முடிகிறது என்று கண்டுபிடித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவது மிகச் சொற்பம், கரியமில வாயு மட்டும் இறங்கிவிடும். "மேலே வா" என்று உடம்பு எச்சரிப்பது கரியமில வாயு ஏறுவதால்தான். எச்சரிக்கை வரும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். தம் பழக வேண்டுமா, தரையில் பழகுங்கள்.

அடுத்து மூலை. குத்துச்சண்டையில் 3 நிமிட ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம், டேக்வாண்டோவில் 2 நிமிட ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம், மல்யுத்தத்தில் இரண்டு 3 நிமிடப் பகுதிகளுக்கு நடுவே 30 வினாடி. ஜூடோவில் 4 நிமிடம் ஓடும், இடைவேளை கிடையாது. நடுவர் நிறுத்தும் சில வினாடிகளைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் பாதி பல மூலைகளில் வீணாகிறது. வீரர் வந்து உட்கார்ந்ததும் ஒருவர் தண்ணீரை வாயில் ஊற்றுவார், ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார், பயிற்சியாளர் "ஏன்டா கார்டை இறக்கினே" என்று கேட்டுப் பதிலையும் எதிர்பார்ப்பார். பேசும்போது மூச்சிழுக்க முடியாது, விழுங்கும்போது மூச்சே நிற்கும். இளைப்பின் உச்சத்தில் இருப்பவரிடம் ஒரு பதில் கேட்பது இரண்டு மூச்சைப் பிடுங்குவதற்குச் சமம்.

முதல் 15 வினாடியில் வாய்க்காப்பைக் கழற்றி, உட்கார்ந்து, சற்று முன்சாய்ந்து, முன்கைகளைத் தொடையில் ஊன்ற விடுங்கள். யாரும் பேச வேண்டாம். மூச்சு எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும். கையை ஊன்றும்போது தோள் நிலைத்து நிற்பதால் மார்புத் தசைகள் விலாவைத் தூக்கத் துணை வருகின்றன. முன்சாய்வில் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளி, அது நன்றாக இழுக்கக்கூடிய நீளத்துக்குக் கொண்டுவருகின்றன. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பதைத் தோல்வியின் அடையாளமாக நினைத்து "நிமிர்ந்து நில், கையைத் தலையில் வை" என்று அதட்டுவது பழைய வழக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீராங்கனைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், கையைத் தலையில் வைத்தபோதைவிட முழங்காலில் ஊன்றியபோது இதயத் துடிப்பு வேகமாக இறங்கியது.

அடுத்த 25 வினாடி வெளிமூச்சுக்கு. இழுக்கும் முயற்சியை மறந்து, உதட்டைக் குவித்து நீளமாக விடச் சொல்லுங்கள். இரண்டு எண்ணிக்கை இழுப்பு, மூன்று நான்கு எண்ணிக்கை விடல். அவசர மூச்சில் காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளே தேங்கும். தேங்கத் தேங்க நெஞ்சு ஊதியபடியே நிற்கும், உதரவிதானம் தட்டையாகிவிடும், அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் காற்று போதாது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். "மூக்கால் மட்டும் இழு" என்று இந்த நேரத்தில் வற்புறுத்தாதீர்கள். நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டினால் பெரும்பாலோர்க்கு மூக்கு வழி போதாது, உடல் தானே வாயைத் திறக்கும். கடைசி 20 வினாடியில் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரே ஒரு அறிவுரை, வாய்க்காப்பு.

நெஞ்சுக்குழியில் அடி வாங்கி மூச்சே வராமல் சுருண்டு விழுந்தவர் வேறு கதை. உதரவிதானம் அதிர்ச்சியில் இறுகிக்கொள்கிறது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக விடும். முழங்காலை மடக்கி, இடுப்புக் கட்டைத் தளர்த்தி, பல்லிடுக்கில் மெதுவாக விடச் சொன்னால் போதும். முதுகில் அறைவது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். சில நிமிடம் கழித்தும் திணறல் கூடினால், ஒரு பக்கம் மட்டும் குத்தினால், எச்சிலில் ரத்தம் வந்தால் விலா முறிவோ நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவோ இருக்கலாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே நாளில் நாலைந்து ஆட்டம் வரும் விளையாட்டுகளில் இடைவெளியைக் கவனமாகச் செலவிட வேண்டும். கடும் முயற்சிக்குப் பின் உதரவிதானச் சோர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நீடிக்கும் என்று அளவீடுகள் காட்டியிருக்கின்றன. மூச்சிரைப்பு அடங்கியதை வைத்துத் தசையும் தேறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் உட்காராமல் ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல நடை. பிறகு மல்லாந்து படுத்து, கெண்டைக்காலைப் பெஞ்சின் மேல் வைத்து, கையை வயிற்றில் வைத்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஐந்து நிமிடம்: நான்கு வினாடி இழுப்பு, ஆறு வினாடி விடல். இதயத் துடிப்பு தணியும், விறைத்த கழுத்தும் தளரும். கழுத்தின் பக்கவாட்டையும் காறை எலும்புக்குக் கீழேயும் விரலால் மெதுவாக அழுத்திவிட்டால் இன்னும் நல்லது. 15 செ.மீ. அளவு மிகச் சிறு தடையோடு மூச்சிழுத்தால் கடும் உழைப்பில் ரத்தத்தில் சேரும் லாக்டேட் சீக்கிரம் இறங்கியது என்று 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. நடைக்கு அது மாற்றாகும் என்று நாங்கள் நம்பவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன் மறுபடி இரண்டு முப்பது வேண்டாம், ஒரு பதினைந்து இருபது மூச்சு போதும். போட்டி நாளில் நூறு சிட்டப் எடுத்து "வயிற்றை இறுக்கும்" பழக்கம் இருந்தால் கைவிடுங்கள். அது மூச்சை வெளிவிடும் தசையைக் களத்துக்கு முன்பே களைக்க வைக்கிறது.

தசையின் பலத்தைக் கூட்டுவது போட்டி இல்லாத மாதங்களின் வேலை. 50 முதல் 60 விழுக்காடு சுமையில் காலை 30, மாலை 30 மூச்சு, குறைந்தது ஆறு வாரம். எளிதாகும்போது சுமையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் மார்பளவு 81 செ.மீ., விரிவு 5 செ.மீ. என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நாடா அளப்பது விலா எவ்வளவு விரிகிறது என்பதை மட்டுமே. ஏழு செ.மீ. விரிபவருக்கும் தசை விரைவில் சோரலாம். கருவியை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் உள்ள ஊரில் வாய்க்குழலைப் பகிரக் கூடாது. சோப்புநீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். செவிப்பறை கிழிந்தவர், விலா முறிந்தவர், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு வந்தவர், சளி காய்ச்சலில் இருப்பவர் தடை வைத்து மூச்சிழுக்கவே கூடாது. குத்துச்சண்டைக்காரர்களுக்குக் காதில் அடி சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சின்ன விஷயங்கள் சில. மார்புக் கவசத்தையும் இடுப்புப் பட்டையையும் மூச்சை நன்றாக இழுத்த நிலையில் கட்டுங்கள், விட்ட நிலையில் கட்டினால் விலா விரியாது. குத்தும்போது ஒவ்வொரு குத்துக்கும் "ஸ்" என்று சிறிதளவு மட்டும் விடுங்கள். நான்கு குத்துக்கு ஒரு மூச்சைப் பங்கிட வேண்டும், முதல் குத்திலேயே கொட்டிவிடக் கூடாது. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் களத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை இறங்கவிடாது. இனிப்பு கூடிய பழச்சாறு குடித்துவிட்டு இறங்கினால் விலாப்பக்கம் சுருக்கென்று பிடிக்க வாய்ப்பு அதிகம்.

டெல்டாவின் காற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் புழுக்கம் மூச்சுக்குழலைக் கெடுக்கும் என்பார்கள். உண்மையில் ஈரக்காற்று மூச்சுக்குழலை உலர்த்துவதில்லை. உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா இழுப்புக்கு வறண்ட குளிர்காற்றுதான் பெரிய எதிரி. புழுக்கத்தின் கேடு வேறு வழியில் வருகிறது. வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறும், சூடேறினால் மூச்சு வேகம் கூடும், மூச்சுத் தசைக்கு வேலை கூடும். கோடையில் சூடேற்றலைச் சுருக்கி நிழலில் செய்ய வேண்டும்.

தூசிதான் நம் ஊரின் உண்மையான பிரச்சினை. சம்பா அறுவடையும் பொங்கல் போட்டிகளும் ஒரே சமயத்தில் வருகின்றன. அறுவடை இயந்திரத்தின் பதர்த் தூசி, வைக்கோல் புகை, பனி இறங்கும் இரவு, வண்டல் மண் திடல். ஆட்டத்துக்கு முன் திடலுக்குத் தண்ணீர் தெளிப்பதை அமைப்பாளர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் செய்ய வேண்டும். இந்தப் பருவத்தில் ஆட்டம் முடிந்து ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி, வெளிமூச்சில் விசில் சத்தமும் இருமலும் வந்தால் மூச்சுக்குழல் சுருங்குகிறது என்று பொருள். ஆட்டத்தின் உச்சத்திலேயே, உள்மூச்சில் தொண்டையிலிருந்து சத்தம் வந்து, நிறுத்திய சில நிமிடத்தில் அடங்கினால் குரல்வளை குறுகுகிறது. அதற்கு இன்ஹேலர் உதவாது, மருத்துவம் வேறு. மூச்சுத் தசைப் பயிற்சி இந்த இரண்டுக்குமே சிகிச்சை ஆகாது.

இழுப்பு உள்ளவர்கள் மருந்தில் கவனமாக இருக்க வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி இன்ஹேலரில் எடுக்கும் சால்புடமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மேற்படாமல், அனுமதிக்கப்படுகிறது. அதே வகை மருந்தான டெர்பியூடலின் எந்த வடிவிலும் எப்போதும் தடை. நம் மருந்துக் கடைகளில் சளி இருமலுக்குத் தரும் பல சிரப்புகளில் டெர்பியூடலின் கலந்திருக்கிறது. பனியில் ஆடிச் சளி பிடித்த பையனுக்கு அம்மா வாங்கிக் கொடுத்த ஒரு பாட்டில் போதும், சோதனையில் சிக்குவதற்கு. புட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். சீட்டு எழுதும் மருத்துவரிடம் "போட்டியில் ஆடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த மருந்துதான் வேண்டும் என்று அவர் கருதினால், எடுக்கும் முன்பே சிகிச்சை விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.